காலி நகரில் ஒரு சால்சா இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னமெரிக்கா போகிறவர்களில் பலர், கொலம்பியாவின் காலி நகரத்துக்குச் சால்சாவுக்காகவே ஒரு வழி போட்டுக்கொள்கிறார்கள். கிளம்பும் முன் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேடை நிகழ்ச்சிகளைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. ஊர்க்காரர்கள் ஆடும் அதே தரையில் நாமும் இறங்கி ஆடுவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

காலி என்றால் இலங்கையில் கோட்டை இருக்கும் ஊரா?

இல்லை. இதன் முழுப்பெயர் சந்தியாகோ தெ காலி. கொலம்பியாவின் தென்மேற்கில், காவுக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். மக்கள்தொகையில் பொகோத்தா, மெதெயீன் நகரங்களுக்கு அடுத்த இடம். சுற்றுவட்டாரம் முழுக்கக் கரும்பு. பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும். மாலையானால் மேற்கே ஃபராயோனெஸ் மலைகளிலிருந்து காற்று இறங்கும். அதற்குப் பிறகுதான் ஊர் வாசலுக்கு வந்து உட்காரும்.

சால்சா கியூபாவின் ஆட்டம்தானே? அதற்கு ஏன் கொலம்பியா போக வேண்டும்?

வேர் கியூபாதான். அங்கே பிறந்த சோன் இசையோடு போர்ட்டோ ரிக்கோவின் போம்பா, பிளேனா இரண்டும் சேர்ந்தன. நியூயார்க்கில் குடியேறிய கரீபிய மக்களின் தெருக்களில் 1960-களிலும் 70-களிலும் ஜாஸும் கலந்து இன்று நாம் கேட்கும் உருவத்துக்கு வந்தது. டொமினிக்கன் நாட்டுக் கலைஞர் ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964-இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அதை 'சால்சா' என்ற பெயரில் உலகெங்கும் விற்றது.

காலிக்கு அந்த இசை இசைத்தட்டாகத்தான் வந்து சேர்ந்தது. பசிபிக் கரையில் புவெனவெந்துரா துறைமுகம் இருக்கிறது. மாலுமிகள் கொண்டுவந்த தட்டுகள் மலை தாண்டிக் காலிக்கு வந்து, பாரியோ ஒப்ரேரோ போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளின் மதுக்கடைகளில் சுழன்றன. பெரிய இசைக்குழுவை வரவழைக்க அந்தத் தெருக்களில் யாரிடமும் காசில்லை. தட்டு போதும் என்று ஆடினார்கள். 1960-களில் இன்னொரு பழக்கமும் வந்தது. நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய தட்டை 45-இல் வைத்து ஓடவிட்டார்கள். பாட்டின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடிவிடும், பாடகரின் குரல் கீச்சென்று உயரும். அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய கால்களிலிருந்து வந்ததுதான் காலி பாணி. இடுப்புக்குக் கீழே மின்னல். மேலே உடல் அமைதியாக நிற்கும்.

1968 டிசம்பர் திருவிழாவுக்கு ரிச்சி ரே, பாபி குரூஸ் குழு நேரில் வந்து வாசித்ததை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். பிறகு அதே குழு, காலியின் புகழ்பெற்ற ஆட்டக்காரி அம்பாரோ ராமோஸை வைத்து ஒரு பாட்டே வெளியிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஹைரோ வரேலா தன் குருப்போ நிச்சே குழுவோடு காலியில் குடியேறினார். 1984-இல் வந்த அவர்களுடைய 'காலி பச்சங்கேரோ' ஒலிக்கத் தொடங்கினால் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரரைப் பார்ப்பது அரிது. வரேலா 2012-இல் மறைந்தார். நகரின் நடுவே அவர் பெயரில் ஒரு சதுக்கமும், ட்ரம்பெட் வடிவில் ஒரு பெரிய சிற்பமும் இருக்கின்றன. இரவு ஆடப் போகும் முன் பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இவ்வளவு வரலாறு எதற்கு என்றால், காலியில் உங்கள் பக்கத்து மேசையில் இருக்கும் தாத்தாவுக்கு இது வீட்டுக் கதை. எந்தத் தட்டு எந்த வருடம் எந்தக் கடையில் முதலில் ஒலித்தது என்று அவரால் சொல்ல முடியும். இசை இறக்குமதியானாலும், அதைக் கேட்ட காது அந்த ஊருடையது. நான் காலியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்தக் காதுக்காகத்தான்.

எனக்கு ஆடவே தெரியாது. போனால் ஓரமாக நிற்க வேண்டியதுதானா?

ஓரமாக உட்கார்ந்து கேட்பதற்கும் அங்கே மரியாதை உண்டு. ஆனால் ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால், இறங்கிய மறுநாளே ஒரு தனி வகுப்புக்குச் சொல்லிவையுங்கள். முடிந்தால் அடுத்த நாள் இன்னொன்று. காலியில் நடனப் பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. உலகப் போட்டிகளில் வென்ற 'ஸ்விங் லத்தினோ' போன்ற பெரிய பள்ளிகளும் உண்டு, வீட்டு முன்னறையில் பாய் சுருட்டி வைத்துவிட்டுச் சொல்லித் தருபவர்களும் உண்டு. கூட்டு வகுப்பைவிடத் தனி வகுப்பு நல்லது. ஆசிரியர் உங்கள் கையைப் பிடித்து ஒரு மணி நேரம் ஆடும்போதுதான் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்ற விஷயம் உடம்பில் ஏறும். காணொளி பார்த்து அது வராது.

வகுப்பில் சுழற்சிகள் கேட்காதீர்கள். அடிப்படை அடி, ஒரு வலச்சுற்று, கையைப் பிடிக்கும் முறை, நிறுத்தும் முறை ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். இரவு முழுக்க இவற்றை வைத்தே ஆடலாம். தாளம் தவறாமல் மூன்று அசைவு தெரிந்தவரோடு ஆடத்தான் காலிப் பெண்கள் விரும்புகிறார்கள். தாளத்தை மறந்துவிட்டு முப்பது சுழற்சி போடுபவரோடு ஒரு பாட்டு ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஊரில் சால்சா வகுப்புக்குப் போயிருக்கிறேன். அது அங்கே உதவுமா?

காது பழகியிருப்பது நிச்சயம் உதவும். ஆனால் நம் ஊர் வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது லாஸ் ஏஞ்சல்ஸ் பாணி. அதில் இருவரும் ஒரு கற்பனைக் கோட்டின் மேல் முன்னும் பின்னுமாக நகர்வார்கள். ஜோடிப்பெண் அந்தக் கோட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடந்துபோவாள். காலியில் அந்தக் கோடு கிடையாது. நெரிசலான சிறிய தரையில், நின்ற இடத்திலேயே ஆடுகிறார்கள். முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி என்று போகாமல், இரண்டு பாதங்களையும் மாறிமாறிச் சற்றே பின்னால் சாய்த்து வைத்து நடுவுக்குத் திரும்புவது அங்கே அதிகம். அடிகள் சிறியவை. முன்பாதத்தில் பாரம், முழங்கால் இளக்கம். பாட்டு சூடு பிடித்ததும் இருவரும் கையை விட்டுவிட்டு எதிரெதிரே நின்று கால்களால் பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பழக்கமில்லாதவர் அடிப்படை அடியைத் தொடர்ந்துகொண்டிருந்தால் போதும். யாரும் குறைவாக நினைப்பதில்லை.

கற்றதை மறக்க வேண்டியதில்லை. கைகளைத் தலைக்கு மேலே வீசும் அலங்காரங்களையும், ஜோடியைப் பின்னால் சாய்த்துத் தாங்குவதையும் மட்டும் அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து ஜோடி ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. முழங்கை யார் முகத்திலாவது பட்டுவிடும்.

தாளத்தில் 'ஒன்று' எங்கே விழுகிறது என்றே பிடிபடவில்லை. என்ன செய்வது?

எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. காரணம் இசையின் அமைப்பிலேயே இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சால்சா எட்டு எண்ணிக்கையில் சுற்றும். 1, 2, 3-இல் அடி வைத்து 4-இல் நிறுத்தம். 5, 6, 7-இல் அடி வைத்து 8-இல் நிறுத்தம். ஆதி தாளம் போட்டுப் பழகிய கைகளுக்கு எட்டின் சுற்று அந்நியமாக இருக்காது. எட்டு முடிந்து சமத்துக்கு வந்து சேரும் உணர்வு நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் கச்சேரியில் சமத்தை மிருதங்கம் ஊன்றிக் காட்டுவதுபோல் சால்சாவில் யாரும் காட்டுவதில்லை. தாழ்ந்த ஒலியுள்ள நரம்பு வாத்தியமான பேஸை வாசிப்பவர் நான்காம் தட்டிலேயே அடுத்த ஸ்வரத்தை எடுத்து, 'ஒன்று' வரும்போது அதையே நீட்டிவிடுவார். ஊன்றி நிற்க வேண்டிய இடத்தில் காதுக்கு வெற்றிடம். அதனால்தான் கால் தடுமாறுகிறது.

பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள் இருக்கின்றன. முதலாவது கொங்கா என்னும் உயரமான கைமுரசு. அதில் 'தும்-தும்' என்று திறந்த இரட்டை ஒலி ஒவ்வொரு நான்கின் முடிவிலும் வரும். நான்காம் தட்டில் ஒன்று, அதன் பின்பாதியில் ஒன்று. அந்த இரட்டை ஒலி முடிந்த உடனே விழுவது 1 அல்லது 5. இரண்டாவது கம்பானா என்னும் மணி. பாட்டின் முதல் பகுதியில் பாடகர் கதை சொல்வார், தாளம் அடங்கியிருக்கும். பிறகு பாடகர் ஒரு வரி, குழு ஒரு வரி என்று மாறிமாறிப் பாடும் மொந்துனோ பகுதி வரும்போது, போங்கோ என்னும் சிறிய இரட்டை முரசை வாசிப்பவர் அதை வைத்துவிட்டுக் கையில் மணியை எடுப்பார். அதன் கனத்த ஒலி 1, 3, 5, 7-இல் விழும். மணி வந்துவிட்டால் தொலைந்த கால் வீடு திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் க்ளாவே ஓடுகிறது: எட்டுக்குள் ஐந்து தட்டு, ஒரு பாதியில் மூன்றும் மறு பாதியில் இரண்டுமாக. வாத்தியங்கள் எல்லாம் அதற்குள்தான் பொருந்தி நிற்கின்றன. பல பாட்டுகளில் அதை யாரும் தனியாக வாசிப்பதே இல்லை. ஆனால் அரங்கில் யாராவது கை தட்டினால் அந்த ஐந்து தட்டைத்தான் தட்டுவார்கள். புறப்படும் முன் சில வாரங்கள், பேருந்திலோ சமையலறையிலோ, கால் ஆடாமல் வெறும் காதால் கொங்காவையும் மணியையும் தேடிப் பழகுங்கள். வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை இந்தப் பழக்கம் மிச்சப்படுத்தும்.

எந்த இடத்துக்குப் போவது?

ஊர் முழுக்க அறிந்த பெயர்கள் சில. ஐந்தாம் தெருவில் தின் தின் தேயோ, லா தோப்பா தொலோன்ட்ரா. நகரின் வடக்கே சப்பெரோக்கோ. சிறிய இடம், நெரிசல், சுவரெல்லாம் பழைய படங்கள், சில நாட்களில் நேரடிக் குழு. இந்த மூன்றிலும் வெளிநாட்டவரும் ஊர்க்காரரும் கலந்திருப்பார்கள் என்பதால் முதல் இரவுக்கு ஏற்றவை. பாரியோ ஒப்ரேரோவில் லா மத்ராக்கா இன்னும் பழைய உலகம்; அங்கே தாங்கோவும் பொலேரோவும் பழைய சோனும் ஒலிக்கும். காவுக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவான்சீத்தோ என்ற பகுதி ஒரு காலத்தில் விடியவிடிய ஆடும் பெரிய அரங்குகளுக்குப் பெயர் போனது. தூரம் அதிகம்; ஊர்க்காரர் யாராவது கூட வந்தால் மட்டும் போங்கள். எந்தக் கடை எந்த நாளில் களைகட்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். தங்குமிடத்திலோ நடன ஆசிரியரிடமோ அன்றைக்கே கேட்டுக்கொள்வது நல்லது.

என்னிடம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பியெஹோதேக்கா என்றுதான் சொல்வேன். முதியவர்களுக்காகப் பகலில் நடக்கும் ஆட்டம் அது. பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல். 1990-களில் இந்த வழக்கம் ஊரெங்கும் பரவியது. காலியின் போதைக் கடத்தல் கும்பலின் தலைவர்கள் 1995-இல் கைதான பிறகு, அந்தப் பணத்தில் மினுங்கிய பெரிய அரங்குகள் ஓய்ந்துபோக, பழைய தட்டுகளும் பழைய ஆட்டக்காரர்களும் திரும்பத் தரைக்கு வந்தார்கள். எழுபது வயதுக்காரர் வெள்ளைக் கால்சட்டையும் இருநிறக் காலணியுமாக வந்து, மனைவியின் கையைப் பிடித்து, மூச்சு வாங்காமல் பச்சங்கா என்னும் வேகமான பழைய ஆட்டம் ஆடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டி என் தோளைத் தட்டி, காலை இவ்வளவு தூக்காதே, தரையைத் தடவு என்று கையால் காட்டித் தந்ததுதான் காலியில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம். இளைஞர்களை அவர்கள் விரட்டுவதில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வியாழன் முதல் சனி வரைதான் கூட்டம். எட்டு மணிக்குப் போனால் நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்கு மேல் ஆட்கள் வருவார்கள். நள்ளிரவில் தரை நிறையும். பெரும்பாலான இடங்கள் அதிகாலை மூன்று மணிவாக்கில் மூடும். மாலையில் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்குப் பத்தரை மணி நேர வித்தியாசம் வேறு. முதல் இரவே ஆட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்.

என்ன உடுத்திக்கொள்வது?

அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். காலி மக்கள் ஆடப் போகும்போது குளித்து, வாசனை போட்டு, தேய்த்த சட்டையோடு வருவார்கள். நாமும் அப்படிப் போவது அந்த வீட்டுக்குக் காட்டும் மரியாதை. அடிப்பாகம் வழுவழுப்பான காலணி முக்கியம். ஓட்டப்பயிற்சிக் காலணி தரையைக் கவ்விக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் முறுகும். உள்ளே வெக்கை அதிகம். ஒரு கைத்துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்துக்கொண்டால் உங்களோடு ஆடுபவர் நன்றி சொல்வார்.

ஆட எப்படி அழைப்பது? மறுத்துவிட்டால்?

மேசைக்கு அருகே போய், கண்ணைப் பார்த்து, கையை நீட்டி, 'பைலாமோஸ்?' என்றால் போதும். காலியில் ஆட்கள் பெரும்பாலும் நண்பர் கூட்டமாகவோ குடும்பமாகவோ வருகிறார்கள். ஆகவே ஒரு பெண்ணை அழைக்கும் முன் மேசையில் உள்ள மற்றவர்களுக்கும் தலையசைத்து வணக்கம் சொல்லுங்கள். அவர் கணவரோடோ காதலரோடோ வந்திருப்பது தெரிந்தால் அவரையும் ஒரு பார்வை கேட்டுக்கொள்வது பழக்கம். பெண்கள் ஆண்களை அழைப்பதும் சாதாரணம்.

ஒரு பாட்டு, பிடித்திருந்தால் இன்னொன்று. பிறகு நன்றி சொல்லி, கூட்டிவந்த மேசைவரை கொண்டுபோய் விட வேண்டும். நடுத்தரையில் விட்டுவிட்டு நகர்வது நன்றாக இராது. மறுத்தால் 'த்ரான்கீலா' (பரவாயில்லை) என்று சிரித்துவிட்டுத் திரும்புங்கள். கால் வலிக்கலாம், அந்தப் பாட்டு பிடிக்காமல் இருக்கலாம், காரணம் கேட்க வேண்டியதில்லை. நீங்களும் காரணம் சொல்லாமலே மறுக்கலாம்.

முன்பின் தெரியாதவரை அவ்வளவு நெருக்கமாகப் பிடித்து ஆடுவது கூச்சமாக இருக்காதா?

நம் வளர்ப்பில் இந்தக் கேள்வி வருவது இயல்பு. பெண்களும் ஆண்களும் சமமாகக் கேட்கிறார்கள். காலியில் பேரன் பாட்டியோடும், அண்ணன் தங்கையோடும், அலுவலக மேலாளர் காவலாளியோடும் இதே பிடியில்தான் ஆடுகிறார்கள். சிறுவயதிலேயே வீட்டு விருந்துகளில் பழகியது. அந்தப் பிடிக்கு அவர்கள் வேறு பொருள் வைப்பதில்லை, நாமும் வைக்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் பிடியும் முடிந்தது. எவ்வளவு இடைவெளி என்பதை இருவரில் அதிக இடைவெளி கேட்பவர்தான் தீர்மானிக்கிறார். இடக்கையை அவர் தோளில் சற்று ஊன்றி வைத்தாலே செய்தி போய்விடும். அதைப் புரிந்துகொள்ளாத ஆள் கிடைத்தால், பாட்டின் நடுவிலும் நன்றி சொல்லி விலகலாம். யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள், அவரைத்தான் நினைப்பார்கள்.

பெண்ணாகத் தனியே போகலாமா?

பகல் பியெஹோதேக்காவுக்குத் தாராளமாக. இரவுக்கு, தங்குமிடத்திலோ நடன வகுப்பிலோ பழகிய இருவர் மூவரோடு சேர்ந்து போங்கள், சேர்ந்தே திரும்புங்கள். பல பள்ளிகளில் ஆசிரியர்களே வாரம் ஓர் இரவு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதுவே சிறந்த வழி: அறிமுகமான முகம், ஆட ஆள், திரும்பி வரத் துணை.

மேசையில் உட்கார்ந்து மணி அடிப்பவர்கள் யார்? அவர்கள் இசைக்குழுவா?

அவர்கள்தான் மெலோமானோக்கள். வாழ்நாள் முழுக்கத் தட்டு சேர்த்து, கேட்டுக் கேட்டுத் தேர்ந்த ரசிகர்கள். வீட்டிலிருந்தே கம்பானாவோ குய்ரோவோ மராக்காவோ கொண்டுவந்து, ஒலிபெருக்கியில் ஓடும் தட்டோடு சேர்ந்து வாசிப்பார்கள். சத்தத்துக்காகத் தட்டுவது கிடையாது. பாட்டில் மணி எங்கே நுழைகிறது, எங்கே ஓய்கிறது என்று நொடி பிசகாமல் தெரியும். அப்படி ஒருவர் அருகில் இடம் கிடைத்தால் ஆடுவதைக்கூடச் சற்று ஒத்திப்போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மணியை உங்களிடம் நீட்டினால், க்ளாவே உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். தெரியாவிட்டால் கையெடுத்து மறுத்துவிட்டு, சொல்லித்தரும்படி கேளுங்கள். அந்தக் கேள்வி அவருக்கு மிகவும் பிடிக்கும்.

நான் மது அருந்துவதில்லை. சங்கடம் ஆகுமா?

ஆகாது. ஒரு மேசைக்கு அரைப் போத்தல் ரம் அல்லது, கரும்பிலிருந்து வடித்துச் சோம்பு மணம் சேர்த்த அகுவார்தியென்தே வாங்கி, சின்னக் குவளைகளில் ஊற்றிப் பகிர்வது வழக்கம். அன்பாக நீட்டுவார்கள். நெஞ்சில் கை வைத்து 'நோ, க்ராசியாஸ்' என்றால் விட்டுவிடுவார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் பலர் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். மேசைச் செலவில் மட்டும் உங்கள் பங்கைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கவனம் வேண்டும். பாண்டெபோனோ என்பது மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட சிறு ரொட்டி; அடுப்பிலிருந்து வந்த சூட்டில் சாப்பிட வேண்டும். அபொர்ரஹாதோ என்பது கனிந்த பெரிய வாழைக்காயில் பாலாடைக்கட்டி வைத்து மாவில் தோய்த்துப் பொரித்தது. இரண்டிலும் முட்டை சேரும். முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்குத் தட்டிப் பொரித்த வாழைக்காயான பத்தக்கோன் உண்டு. பொரிக்கும் எண்ணெய் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் சொந்தாதூரோ என்ற பனைப்பழத்தை உப்பும் தேனும் தொட்டு விற்பார்கள். லூலோ பழத்தை மசித்துப் பனிக்கட்டியோடு தரும் லுலாதாவை ஒரு மாலையாவது குடியுங்கள்; புளிப்பும் இனிப்பும் வெயிலுக்கு அவ்வளவு இதம். அவரைக் குழம்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்காமல் வாங்க வேண்டாம். ஆட்டம் முடிந்த பின்னிரவில் தெருவில் கிடைப்பவை பெரும்பாலும் இறைச்சி உள்ளவை. பையில் நான்கு பாண்டெபோனோ வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு எப்படி?

மழுப்பாமல் சொல்கிறேன். காலியில் கைப்பை, கைப்பேசி பறிப்பு உண்டு. இரவில் இரண்டு தெருதான் என்று நடக்க வேண்டாம். தங்குமிடமோ அரங்கோ அழைத்துத் தரும் வண்டியில், அல்லது செயலியில் பதிவு செய்த வண்டியில் வாசலிலிருந்து வாசலுக்குப் போங்கள். கடவுச்சீட்டின் நகல் போதும், அசலைப் பூட்டி வையுங்கள். அன்றைக்குத் தேவையான பெசோ நோட்டுகள், ஓர் அட்டை, அவ்வளவே கையில்.

இதைவிட முக்கியமானது ஸ்கோபோலமின். நினைவையும் எதிர்ப்பையும் மழுங்கடிக்கும் மருந்து. பானத்தில் கலந்து கொடுத்துக் கொள்ளையடிக்கிறார்கள். ஆடப் போகும்போது குவளையைத் தனியே விடாதீர்கள். விட்டுவிட்டால் திரும்ப வந்து அதைக் குடிக்காதீர்கள், புதிது வாங்குங்கள். கண் முன்னே திறக்காத எதையும் புதியவர் கையிலிருந்து வாங்க வேண்டாம். தோழருக்குத் திடீரென்று பேச்சு குழறினால் போதை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவசர எண் 123.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். போதைக் கும்பல்களைப் பற்றித் தொடர்களில் பார்த்ததை அங்கே போய் வேடிக்கையாகப் பேசாதீர்கள். அந்தக் காலத்தில் யாரையாவது இழந்த குடும்பங்கள் உங்கள் பக்கத்து மேசையில் இருக்கின்றன.

ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்கலாமா?

ஆடும் நேரத்தில் சமாளிக்கலாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உட்கார்ந்து பேசத்தான் மொழி வேண்டும், அந்த இரவின் பாதி அதில்தான் இருக்கிறது. எண்கள், நன்றி, மன்னிக்கவும், இந்தப் பாட்டு யாருடையது, எனக்குச் சொல்லித் தருவீர்களா: இவ்வளவு கற்றுக்கொண்டு போங்கள். பாட்டு யாருடையது என்று கேட்டுவிட்டால் மீதிப் பேச்சை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

காணொளி எடுக்கலாமா?

உங்கள் நண்பர்களை எடுங்கள். முன்பின் தெரியாத ஜோடியைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சம்பளம் வாங்கி ஆடும் கலைஞர்கள் அல்ல அவர்கள். வேலை முடிந்து வந்த செவிலியர், தையல்காரர், ஓட்டுநர். நெரிசலான தரையில் கைப்பேசியை உயர்த்தி நிற்பவர், ஒரு ஜோடி ஆடும் இடத்தையும் அடைத்துக்கொள்கிறார்.

டிசம்பர் திருவிழாவுக்குப் போகலாமா, சாதாரண நாளில் போகலாமா?

ஃபெரியா தெ காலி 1957-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று வெடிமருந்து ஏற்றிவந்த ராணுவ லாரிகள் நகருக்குள் வெடித்துப் பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. துவண்டுபோன ஊரை எழுப்ப ஏற்பட்ட விழா இது. டிசம்பர் 25 முதல் 30 வரை நடக்கும். முதல் நாள் சல்சோத்ரோமோ என்ற பெரும் ஊர்வலம். நடனப் பள்ளிகள் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களோடு சாலை நெடுக ஆடிவரும். 2008 முதல் நடக்கிறது.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சாதாரண வாரத்தைத்தான் சொல்வேன். திருவிழாவில் பார்க்க நிறைய உண்டு, ஆடத் தரை கிடைப்பது கடினம். அறை வாடகை ஏறிவிடும், ஆசிரியர்கள் எல்லோரும் ஊர்வலப் பயிற்சியில் இருப்பார்கள். ஒருமுறை போய்ப் பழகியவர்கள் டிசம்பரில் போகலாம். அப்போது ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு மெலோமானோக்களும் சேகரிப்பாளர்களும் கூடும் சந்திப்புக்குக் கட்டாயம் போங்கள். அதுவும் திருவிழாவின் பகுதிதான். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிய தட்டுகளைப் போட்டுக் காட்ட, கூட்டம் புல்தரையிலேயே ஆடும். அறையை மட்டும் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். சான் அந்தோனியோ பகுதியில் கிடைத்தால் ஐந்தாம் தெரு அரங்குகளுக்கு வண்டியில் சில நிமிடங்கள்தான்.